கண்ணாடி அடுப்பும் வெல்லப்பாகும்



தைப் பொங்கலன்று சிறுவாச்சூர் வாசல்களில் பானை பொங்கி வழிந்தால் மகிழ்கிறோம். சமையலறை இண்டக்‌ஷன் அடுப்பின்மீது வழிந்தால்? வெல்லப்பாகு ஒட்டிக்கொண்டு, ஆறி இறுகும்போது பலகையின் மேற்பரப்பையே பெயர்த்துவிடக்கூடும்.

அப்பலகை சாதாரணக் கண்ணாடியன்று, கண்ணாடிப் பீங்கான். 1953இல் அமெரிக்க வேதியியலாளர் ஸ்டூக்கியின் உலை தவறுதலாக 900 டிகிரி செல்சியசுக்குச் சூடேறியது. உள்ளிருந்த கண்ணாடி உருகவில்லை. வெளியே எடுக்கையில் நழுவி விழுந்தும் உடையவில்லை! அதனுள் நுண்படிகங்கள் விளைந்திருந்தன. அவ்வழியில் பிறந்த அடுப்புப் பலகை, சூட்டில் மிகமிகச் சிறிதே விரிவடையும். எனவே வெப்பத்தால் எளிதில் வெடிப்பதில்லை. ஆனால் கனமான பாத்திரம் விழுந்தால் உடையும். கம்பி நாரால் தேய்த்தால் கீறல் விழும்.

'தேய்க்காதே, போடாதே' என்று அதட்டினால் மட்டும் போதாது. காரணம் அறிந்தவரே கருவியைக் காப்பார் என்பது என் கருத்து. பாகு வழிந்தால் அடுப்பை அணைத்துவிட்டுப் பெரியவர்களை அழையுங்கள். அது இறுகுமுன் அவர்கள் கவனமாக வழித்தெடுக்கட்டும். விரிசல் கண்டால் மின் இணைப்பைத் துண்டியுங்கள். விரிசல் வழியே நீர் இறங்கினால் மின்சாரம் தாக்கலாம். பலகை போனால் மாற்றலாம். உயிரை மாற்ற முடியுமா? இன்றே வீட்டில் சொல்லுங்கள், காரணத்தோடு!