பின்னோக்கி நடக்கும் மணப்பெண்

போன தை மாதம் என் பழைய மாணவி ஒருத்தி தொலைபேசியில் அழைத்தாள். “அம்மா, ரிசப்ஷன்ல நாங்க ரெண்டு பேரும் டான்ஸ் ஆடணுமாம். பாட்டு அவர் எடுத்துட்டார். ஸ்டைல் மட்டும் நான் முடிவு பண்ணிக்கலாமாம். எது ஆடட்டும்?”

டான்ஸ் மாஸ்டர் மூன்று வகை சொல்லியிருந்தார். வால்ட்ஸ், பரதம் கலந்த ஃப்யூஷன், கடைசி அரை நிமிடம் மட்டும் குத்து. அவள் கேட்டதோ நான்காவது. கல்லூரியில் மூன்றாண்டுகள் எங்கள் கலைக்குழுவில் பறை அடித்தவள் அவள். மைதானத்துக்குப் பின்னால் வைக்கோலைக் கொளுத்திப் பறையைக் காய்ச்சுவாள். முகமெல்லாம் கரி படிய வகுப்புக்கு வருவாள். “நாங்க ரெண்டு பேரும் பறையாட்டம் ஆடுறோமே, அவருக்கும் நாலு அடவு சொல்லிக் கொடுத்துடுறேன்” என்று வீட்டில் கேட்டிருக்கிறாள். “கல்யாண வீட்ல சாவு மேளமா?” என்றாராம் மாப்பிள்ளையின் பெரியம்மா. அவளைப் பெற்றவள் சொன்னது இன்னும் கூர்மையானது: “பறை அடிச்சா நம்மள என்ன ஆளுங்கன்னு நினைப்பாங்க?”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “வால்ட்ஸே ஆடிரும்மா. மூணு நிமிஷம்தானே?”

பறையைப் பற்றிக் கவிதை எழுதியவள் நான். அதை மேடையில் வாசித்துக் கைதட்டல் வாங்கியவள். அந்த ஒரு வாக்கியத்தைத் திரும்பப் பெறுவதற்காகவே இதை எழுதுகிறேன்.

வால்ட்ஸ் எப்படி ஆடப்படுகிறது என்று பார்ப்போம். மூன்று எண்ணிக்கைத் தாளம். ஆணின் வலக்கை பெண்ணின் தோள்பட்டை எலும்பின் மேல். அவன் இடது காலை முன்வைத்துத் தொடங்குவான். அவள் வலது காலைப் பின்வைத்துத் தொடங்குவாள். எந்தப் பக்கம் போவது, எப்போது திரும்புவது என்பதை அவன் தீர்மானிப்பான். அவன் உடல் தரும் குறிப்பை வாசித்து அவள் நகர வேண்டும். ஐந்தரை மீட்டர் பட்டுப்புடவை, இடுப்பில் ஒட்டியாணம், காலில் குதிகால் உயர்ந்த செருப்பு. இத்தனையோடு நம் மணப்பெண் தான் பார்க்க முடியாத திசையில் நடக்கிறாள். நடக்கையில் சிரிக்கவும் வேண்டும், ஏனென்றால் கேமரா அவள் முகத்தில்தான் இருக்கிறது.

வால்ட்ஸ் மீது எனக்குப் பகையில்லை. வழிநடத்துபவர், பின்தொடர்பவர் என்ற இரண்டு பாத்திரங்களை மாற்றிக்கொண்டு ஆட முடியும், ஆடுகிறவர்களும் இருக்கிறார்கள். நம் திருமண மண்டபங்களில் அந்தக் கேள்வியே எழுவதில்லை. “பாதிப் பாட்டுக்கு நான் வழிநடத்தட்டுமா?” என்று எந்த மணப்பெண்ணாவது கேட்டால் டான்ஸ் மாஸ்டர் அதை நகைச்சுவை என்றே எடுத்துக்கொள்வார்.

எனக்குக் கோபம் வருவது ‘டீசன்ட்’ என்ற சொல்லின் மீது. “வால்ட்ஸ்னா டீசன்ட்டா இருக்கும்” என்கிறார்கள். 1816இல் லண்டனில் இளவரசர் அளித்த விருந்தில் இதே வால்ட்ஸ் ஆடப்பட்டபோது, அது கண்ணியமற்ற அந்நிய நடனம் என்று ‘தி டைம்ஸ்’ நாளேடு தாக்கி எழுதியது. ஆணும் பெண்ணும் உடல் நெருங்கி ஆடுவது குடும்பப் பெண்களைக் கெடுத்துவிடும் என்பது அதன் அச்சம். அந்த நடனம் இன்று நம் பெரியம்மாக்களின் பார்வையில் கண்ணியமானதாகிவிட்டது.

பரதத்தின் கதை இதைவிடக் கொடியது. சதிர் ஆடிய தேவதாசிப் பெண்கள் நித்தியசுமங்கலிகள் என்று கருதப்பட்டவர்கள். வசதியான வீட்டுத் திருமணங்களில் அவர்கள் ஆடினார்கள். மணப்பெண்ணின் தாலியில் மணி கோத்துக் கொடுக்க அவர்களை அழைத்த வழக்கமும் இருந்தது. 1890களில் சென்னையில் எழுந்த நாட்டிய எதிர்ப்பு இயக்கம் அவர்களை விருந்துக்கும் திருமணத்துக்கும் அழைக்காதீர்கள் என்றது. 1947ஆம் ஆண்டுச் சட்டம் பொட்டுக்கட்டுவதைத் தடைசெய்ததோடு, கோயில் வளாகத்திலும் சுவாமி ஊர்வலத்திலும் பெண்கள் ஆடுவதையும் தடைசெய்தது. பொட்டுக்கட்டுதல் ஒழிந்தது பெண் விடுதலைதான். அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அதே காலத்தில், 1936இல் தொடங்கப்பட்ட கலாக்ஷேத்ரா போன்ற நிறுவனங்கள் வழியாக, அந்த ஆட்டம் மட்டும் மேல்சாதி வீட்டுப் பெண்களுக்கு உரிய கலையானது. ஆடிய பெண்கள் வெளியே நின்றார்கள். இன்று “பொண்ணுக்குப் பரதம் தெரியும்” என்பது வரன் பார்க்கும் குறிப்பில் ஒரு தகுதி.

இரண்டிலும் மாறியது அடவோ தாளமோ மட்டுமல்ல, ஆடுகிறவர் யார் என்பது மாறியது. பறை இன்னும் மண்டபத்துக்கு வெளியே நிற்பதற்கும் காரணம் தாளத்தில் இல்லை. தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் சொல்லும் கருப்பொருள்களில் பறையும் ஒன்று. அதைச் சாவுக்கு மட்டும் உரியதாக்கி, அடிப்பதை ஒரு சாதியின் கட்டாயக் கடமையாக்கியது ஊர். அந்த இழிவு வேண்டாமென்று பறையை எறிந்த தலித்துகள் உண்டு. அதையே சுயமரியாதையின் கருவியாகக் கையில் எடுத்தவர்களும் உண்டு. பெண்கள் தொடவே கூடாது என்றிருந்த பறையைத் திண்டுக்கல் சக்தி கலைக்குழுவின் பெண்கள் தோளில் மாட்டி ஊர் ஊராக அடித்துக் காட்டினார்கள். என் மாணவி அதைக் கற்றது அந்த வழியில் வந்தவர்களிடம்தான். அவள் தாய் அஞ்சியது சாவை அல்ல, சாதியை.

இன்னொரு பக்கத்திலிருந்து ஒரு குரல் வரும்: “பெண்டாட்டியும் புருஷனும் சபையில் ஆடுவது நம் பண்பாடே அல்ல.” சங்க இலக்கியம் படித்தவர்கள் இதைக் கேட்டுச் சிரிக்க வேண்டும். துணங்கையிலும் குரவையிலும் ஆணும் பெண்ணும் கை கோத்து ஆடினார்கள். குறுந்தொகையின் முப்பத்தொன்றாம் பாட்டில் ஆதிமந்தியார் தன் காதலனை விழாக்களில் தேடி அலைகிறாள். அவன் ஆடுகிறவன், நானும் ஆடுகிறவள்தான் என்கிறாள். ஒரு பெண் புலவர் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் விதம் அது. அதற்காக அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்லமாட்டேன். பரத்தையரோடு துணங்கை ஆடிவிட்டு வரும் தலைவனுக்குக் கதவைத் திறந்துவிடும் தலைவியும் அதே இலக்கியத்தில்தான் இருக்கிறாள். பண்பாடு என்ற பெயரால் நம் வாயை அடைக்க முடியாது என்று மட்டும் சொல்கிறேன்.

“மூணு நிமிஷக் கொண்டாட்டத்துக்கு இவ்வளவு அரசியலா?” என்று நீங்கள் கேட்கலாம். அந்த மூன்று நிமிடத்துக்காகப் பத்து நாள் ஒத்திகை நடந்தது. பாட்டை அவன் தேர்ந்தான். புடவை நிறத்தை மாமியார் தேர்ந்தார். எதை ஆடக்கூடாது என்று பெரியம்மா தேர்ந்தார். எஞ்சியதில் ஒன்றை எடுத்துக்கொள் என்று அவளிடம் நீட்டினார்கள். இந்தப் பத்து நாளில் இரண்டு குடும்பங்களும் ஒன்றைக் கற்றுக்கொண்டன: இவள் எவ்வளவு தூரம் விட்டுக்கொடுப்பாள் என்று. அவளும் கற்றுக்கொண்டாள். அவளுக்கு அதைக் கற்பித்தவர்களில் நானும் ஒருத்தி.

ஆகவே, அடுத்த தையில் என்னை அழைக்கப்போகும் மாணவிகளே, இனி எந்த ஸ்டைல் என்று நான் சொல்லமாட்டேன். பதிலுக்குச் சில கேள்விகள் கேட்பேன். பாட்டை யார் தேர்ந்தது, அதில் பெண் வாய் திறக்கிறாளா? இந்த உடையில் உன்னால் மூச்சு விட முடிகிறதா? நடுப்பாட்டில் நீ வழிநடத்த அவன் பின்தொடர்வானா? எந்த ஆட்டத்தை ‘நம்ம வீட்டுக்கு ஆகாது’ என்று ஒதுக்கினார்கள், அது யாருடைய ஆட்டம்? ஆடவே பிடிக்கவில்லை என்றால் அதைச் சொல்ல அங்கே இடம் இருக்கிறதா? கூச்சப்படும் பெண்ணைக் கேமராவுக்காக ஆட்டிவைப்பதும் வன்முறைதான். இவற்றுக்கெல்லாம் பதில் சொல்லிவிட்டு வால்ட்ஸ் ஆடினாலும் சரி, கும்மி அடித்தாலும் சரி, மேடையில் உட்கார்ந்து பாயசம் குடித்தாலும் சரி. நான் முன்வரிசையில் இருப்பேன்.

அவளுடைய ரிசப்ஷனுக்கு நானும் போயிருந்தேன். அழகாகத்தான் ஆடினாள். ஒரே ஒரு இடத்தில் புடவைக் கொசுவம் செருப்பில் மாட்டியது. அவன் பிடித்துக்கொண்டான், கூட்டம் கைதட்டியது. போன வாரம் அவளை அழைத்து, அன்று நான் சொன்னது தவறு என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

“பறை எங்க வீட்டுப் பரண்லதாம்மா இருக்கு. எடுத்துட்டு வரணும்னு சொன்னா, இப்பவும் யார்கிட்டயாவது கேக்கணும்” என்றாள்.

கேட்காதே, போய் எடுத்து வா என்றேன். துணைக்கு நானும் வருகிறேன் என்றேன்.