தள்ளுபடியைப் பார்க்காதீர்கள், அடித்தொகையைப் பாருங்கள்

சென்ற மாதம் ஒட்டன்சத்திரம் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி என்னைத் தேடி வந்தார். தக்காளியில் இலைச்சுருள் நோய்க்கு மருந்து கேட்கத்தான் வந்தார். பேச்சுவாக்கில், "ஐயா, சின்ன சரக்கு வண்டி ஒன்று எடுத்துவிட்டேன். முப்பதாயிரம் தள்ளுபடி வாங்கினேன்" என்று பெருமையாகச் சொன்னார். வண்டியின் காகிதங்களைக் காட்டச் சொன்னேன். இருவரும் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தோம். கூட்டி முடித்தபோது அவர் முகம் வாடிவிட்டது.

தள்ளுபடி முப்பதாயிரம் என்பது உண்மைதான். ஆனால் இன்சூரன்ஸை வெளியே விசாரித்திருந்தால் ஒன்பதாயிரம் குறைந்திருக்கும். "கையாளும் செலவு" என்று 7,500 ரூபாய் எழுதியிருந்தார்கள். சீட் உறை, தார்ப்பாய், பாலிஷ் என்று சேர்த்ததில் கடைவீதி விலையைவிட எட்டாயிரம் கூடுதல். ஆக 24,500 ரூபாய் வந்த வழியே திரும்பிவிட்டது. மிஞ்சியது 5,500. அதையும் கடன் விழுங்கிவிட்டது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

2005இல் டாட்டா ஏஸ் வந்தபோது நம் மக்கள் அதற்குக் குட்டியானை என்று பெயர் வைத்தார்கள். 2011இல் அசோக் லேலண்டின் தோஸ்த் வந்தது. மகிந்திராவின் பிக்கப் வண்டிகளும் ஊருக்கு ஊர் ஓடுகின்றன. நிலக்கோட்டை மல்லிகையும், அய்யலூர் தக்காளியும், ஒட்டன்சத்திரம் சந்தைக்குப் போகும் முருங்கையும் இன்று இவற்றில்தான் பயணம் செய்கின்றன. வண்டி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நிலத்துக்கு அடுத்தபடியாக ஒரு சிறு விவசாயி செலவிடும் பெருந்தொகை இதுவாகவே இருக்கும். பல வீடுகளில் முன்பணத்துக்கு நகைதான் அடகுக்குப் போகிறது. ஆகவே கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடக் கூடாது என்கிறேன்.

நம் விவசாயிக்குக் கணக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. கமிஷன் மண்டியில் பெட்டி என்ன விலைக்குப் போனது என்று கூவுவதை மட்டும் கேட்டுவிட்டு அவர் திரும்புவதில்லை. தரகு, இறக்குக் கூலி, கழிவு எல்லாம் போகச் சீட்டின் அடியில் என்ன நிற்கிறது என்றுதான் பார்க்கிறார். அதே மனிதர் ஷோரூமுக்குப் போனால் சீட்டின் மேல் பக்கத்தில் உள்ள தள்ளுபடியை மட்டும் பார்க்கிறார். மண்டியில் காட்டும் புத்தியை ஷோரூமிலும் காட்டினால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

டீலரைக் குறை சொல்வது என் நோக்கமல்ல. அவருக்கும் வாடகை உண்டு, ஆள் சம்பளம் உண்டு. ஆனால் அவருக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது என்று வாங்குபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். வண்டி விலையில் ஒரு பங்கு அவருக்கு உண்டு. குறித்த எண்ணிக்கையில் வண்டி விற்றால் கம்பெனி தனியாக ஊக்கத்தொகை தருகிறது. இன்சூரன்ஸ் பிடித்துக் கொடுத்தாலும், கடன் பிடித்துக் கொடுத்தாலும் அவற்றிலும் அவருக்கு வருவாய் உண்டு. வண்டி விலையில் விட்டுக் கொடுத்ததை மற்ற இரண்டிலும் அவர் எடுத்துக்கொள்ள முடியும். அதனால் மூன்றையும் பிரித்துத் தனித்தனியாகப் பேச வேண்டும்.

முதலில் வண்டி விலை. எக்ஸ் ஷோரூம் விலையில் ஜி.எஸ்.டி. அடக்கம். சரக்கு வண்டிகளுக்கு 28 சதவிகிதமாக இருந்த இந்த வரி 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவிகிதமாகக் குறைந்தது. வரிக்கு முந்திய விலை 7 லட்சம் என்று வைத்துக்கொண்டால் முன்பு 8,96,000 ரூபாய், இப்போது 8,26,000 ரூபாய். இந்த எழுபதாயிரம் அரசு குறைத்தது. டீலர் கொடுத்த தள்ளுபடி அல்ல. பழைய விலையை எழுதி, அதை அடித்து, "உங்களுக்காகக் குறைத்தோம்" என்று யாராவது காட்டினால் ஏமாறாதீர்கள். வியாபாரி தாம் கட்டிய ஜி.எஸ்.டி.யைத் தம் வரிக் கணக்கில் கழித்துக்கொள்ள வழியுண்டு. ஜி.எஸ்.டி. பதிவில்லாத விவசாயிக்கு அது முழுவதும் கைச்செலவே.

தள்ளுபடி எதுவானாலும் பில்லிலேயே ஏற வேண்டும். பில்லில் குறைத்துக் காட்டினால் அந்தத் தொகைக்கு வரியும் குறையும். "பில் முழு விலைக்குத்தான், மீதியைப் பிறகு தருகிறோம்" என்றால் வராத பணத்துக்கும் சேர்த்து நீங்கள் வரி கட்டுகிறீர்கள் என்று பொருள். பழைய வண்டிக்கு மாற்றுப் போனஸ் என்றால், பழைய வண்டியின் மதிப்பு தனி, போனஸ் தனி என்று எழுதி வாங்குங்கள். இல்லாவிட்டால் பழைய வண்டியைக் குறைத்து மதிப்பிட்டு, அந்தக் குறைவையே போனஸாகத் தருவார்கள்.

மாதக் கடைசியிலும் மார்ச் மாதத்திலும் எண்ணிக்கையை எட்ட டீலர் இறங்கி வருவார். டிசம்பரிலும் இறங்குவார்; ஆனால் அதற்கு வேறு காரணம் உண்டு. வண்டி தயாரான மாதமும் ஆண்டும் விற்பனைச் சான்றான 21ஆம் படிவத்திலும் ஆர்.சி.யிலும் ஏறிவிடும். டிசம்பரில் வாங்கிய வண்டி ஜனவரியிலேயே "போன வருஷத்து வண்டி" ஆகிவிடும். பத்து வருடம் ஓட்டப் போகிறவருக்கு இது பெரிய நஷ்டமல்ல. மூன்று வருடத்தில் விற்கப் போகிறவருக்கு நஷ்டம். பணம் கட்டுமுன் தயாரிப்பு மாதத்தைக் கேட்டுவிடுங்கள்.

இரண்டாவது இன்சூரன்ஸ். எந்தக் கம்பெனியில் எடுப்பது என்பது உங்கள் உரிமை; டீலரிடம்தான் எடுக்க வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது. மூன்றாம் நபருக்கான பிரீமியத்தை மத்திய அரசு நிர்ணயிக்கிறது. அது எங்கும் ஒன்றே. நம் வண்டியின் சேதத்துக்கான பிரீமியம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். இரண்டு இடங்களில் விசாரித்தால் போதும். "கையாளும் செலவு" அரசுக் கட்டணம் அல்ல. வாகன வரிக்கும் பதிவுக் கட்டணத்துக்கும் அரசு ரசீது உண்டு. ரசீது இல்லாத வரியை அடித்துவிடச் சொல்லுங்கள். மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்குப் பெர்மிட் தேவையில்லை. அதற்கென்று ஒரு தொகை எழுதியிருந்தால் காரணம் கேளுங்கள்.

மூன்றாவதும் முக்கியமானதும் கடன். நம் ஒட்டன்சத்திரம் நண்பர் 6 லட்சம் கடன் வாங்கினார். நான்கு வருடம், 8 சதவிகித வட்டி. அவர் ஊர் வங்கியில் 10 சதவிகிதம் என்றார்களாம். எட்டு பத்தைவிடக் குறைவுதானே என்று ஷோரூமிலேயே கையெழுத்துப் போட்டுவிட்டார். இங்கேதான் சூட்சுமம். ஷோரூமில் சொன்ன எட்டு நேர் வட்டி. நான்கு வருடமும் முழு 6 லட்சத்துக்கே வட்டி போடுவார்கள். பாதிக் கடனை அடைத்த பிறகும் முழுக் கடனுக்கு வட்டி. வங்கி சொன்ன பத்து, குறையும் நிலுவைக்கான வட்டி. கட்டக் கட்ட, மீதியுள்ள தொகைக்கு மட்டும்தான் வட்டி.

கணக்கைப் பாருங்கள். நேர் வட்டி 8 சதவிகிதத்தில் வட்டி மட்டும் 1,92,000 ரூபாய். மாதத் தவணை 16,500. குறையும் நிலுவையில் 10 சதவிகிதம் என்றால் மாதத் தவணை ஏறத்தாழ 15,218. வட்டி சுமார் 1,30,400. எட்டு என்று சொன்ன கடனுக்கு அவர் சுமார் 61,500 ரூபாய் அதிகம் கட்டப் போகிறார். அந்த எட்டைக் குறையும் நிலுவைக் கணக்குக்கு மாற்றினால் 14 சதவிகிதத்துக்கும் மேல் வருகிறது. தள்ளுபடியில் மிஞ்சிய 5,500ஐக் கழித்தாலும் அவருக்கு 56,000 நஷ்டம்.

இதற்கு ஒரு காப்பு வந்திருக்கிறது. ரிசர்வ் வங்கியின் உத்தரவுப்படி 2024 அக்டோபர் 1 முதல் வங்கியும் ஃபைனான்ஸ் கம்பெனியும் இத்தகைய கடனுக்கு முக்கிய விவர அறிக்கை ஒன்றைத் தர வேண்டும். கட்டணங்கள் எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு உண்மையான வட்டி எத்தனை சதவிகிதம் என்பது அதில் இருக்கும். கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் அது இருக்க வேண்டும். தமிழில் கேட்டு வாங்குங்கள். அதைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். கடன் தீர்ந்த அன்றே தடையில்லாச் சான்றும் 35ஆம் படிவமும் பெற்று ஆர்.சி.யில் உள்ள அடமானத்தை நீக்கிக்கொள்ளுங்கள்.

ஷோரூமுக்குப் போகுமுன் வீட்டில் ஒரு கணக்குப் போடுங்கள். மாதம் 15,218 தவணை என்றால் நாளொன்றுக்கு 500 ரூபாய்க்கு மேல். பறிப்பு இல்லாத மாதத்திலும் இது நிற்காது. டீசல், டயர், வருடாந்திர இன்சூரன்ஸ் தனி. வருடத்தில் எத்தனை நடை சந்தைக்குப் போகிறீர்கள், நடைக்கு என்ன வாடகை கொடுக்கிறீர்கள் என்று எழுதிப் பாருங்கள். வாடகை குறைவாக இருந்தால் வாடகை வண்டியே நல்லது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பக்கத்துத் தோட்டக்காரர் இருவர் சேர்ந்து ஒரு வண்டி வாங்குவதும், உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் வழியாகச் சேர்ந்து பேரம் பேசுவதும் எண்ணிப் பார்க்கத் தக்கவை.

வாங்குவது என்று முடிவானால் திண்டுக்கல்லில் ஓரிடம், மதுரையிலோ கரூரிலோ ஓரிடம் என்று இரண்டு கொட்டேஷனாவது எழுத்தில் வாங்குங்கள். பேருந்துக் கட்டணம் வீண் போகாது. பிழைப்புக்காகச் சொந்தத் தொழிலுக்கு வாங்கும் வண்டியில் அநியாயம் நடந்தால் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தில் முறையிடலாம். 1915 என்ற எண்ணிலும் புகார் சொல்லலாம். அதற்குக் காகிதம் வேண்டும். வாய்வார்த்தைத் தள்ளுபடிக்குச் சாட்சி இல்லை.

இதில் என் போன்றோருக்கும் பங்குண்டு. ஏக்கருக்கு எத்தனை கிலோ விதை, எத்தனை மூட்டை உரம் என்று முப்பது வருடமாகச் சொல்லி வருகிறோம். ஒரு பில்லை எப்படிப் படிப்பது, ஒரு கடன் தாளை எப்படிப் படிப்பது என்று ஒரு நாள் பயிற்சிகூட வைத்ததில்லை. இரண்டு பருவம் பாடுபட்டுச் சேர்த்த பணம் ஒரு மாலை நேரத்தில், ஒரு மேசையின் முன்னால் போய்விடுகிறது. பயிர்ப் பாதுகாப்பைப் போலப் பணப் பாதுகாப்பும் விரிவாக்கப் பணியே என்று நாங்கள் ஏற்க வேண்டும். ஒவ்வொரு டீலரும் விலை விவரத்தை இனவாரியாகத் தமிழில் எழுதி வாசலில் தொங்கவிட வேண்டும் என்று அரசு உத்தரவிட வேண்டும்.

அதுவரை ஒரே ஒரு கேள்வி போதும். "தள்ளுபடி எவ்வளவு?" என்று கேட்காதீர்கள். "எல்லாம் சேர்த்து, கடைசித் தவணை கட்டி முடிக்கும் நாள்வரை, என் கையிலிருந்து போவது மொத்தம் எவ்வளவு? எழுதிக் கொடுங்கள்" என்று கேளுங்கள். எழுதித் தரத் தயங்கும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.