கதிர்வீச்சின் கணக்கு நோயாளியின் கையிலும் இருக்க வேண்டும்

மார்பகப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு சிகிச்சை முடித்து வீடு திரும்பும் ஒவ்வொரு பெண்ணுக்கும் அதன் முழு விவரத்தை எழுத்தில் தர வேண்டும் என்பது இவ்வமைப்பின் நிலைப்பாடு. மொத்தம் எத்தனை கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு), எத்தனை தவணை, எந்தப் பக்கம், அக்குளுக்கும் கழுத்தடிக்கும் கொடுக்கப்பட்டதா, இதயத்துக்குச் சராசரியாக எவ்வளவு போனது என்பதெல்லாம் ஒரே தாளில் அடங்கிவிடும்.

'கரண்ட் வைப்பது' என்று பேச்சுவழக்கில் சொல்லப்படும் இச்சிகிச்சையை அமைப்பு எதிர்க்கவில்லை. மார்பகத்தை அகற்றாமல் கட்டியை மட்டும் எடுத்துக்கொண்ட பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களின் தரவுகளைத் திரட்டி 2011இல் ஓர் ஆய்வு வெளியானது. பத்தாண்டுகளுக்குள் நோய் திரும்புவது கதிர்வீச்சு பெறாதவர்களிடம் 35 விழுக்காடு. பெற்றவர்களிடம் 19 விழுக்காடு. பயந்துபோய்ப் பாதியில் நிறுத்துவது ஆபத்து.

பின்விளைவுகளை மறைப்பதும் தவறுதான். தோல் கறுத்து உரிவது சில வாரங்களில் ஆறிவிடும். மார்பகம் இறுகிச் சுருங்குவது, கை வீக்கம், தோள் பிடிப்பு போன்றவை மாதங்கள், ஆண்டுகள் கழித்தும் தலைகாட்டலாம். ஸ்வீடனிலும் டென்மார்க்கிலும் 1958 முதல் 2001 வரை கதிர்வீச்சு பெற்ற 2,168 பெண்களைப் பற்றிய ஆய்வு 2013இல் வந்தது. இதயத்துக்குச் சேர்ந்த சராசரி அளவில் ஒவ்வொரு கிரே கூடும்போதும் மாரடைப்பு உள்ளிட்ட தீவிர இதயநோய் வாய்ப்பு 7.4 விழுக்காடு ஏறியது. முதல் ஐந்தாண்டுகளுக்குள் தொடங்கிய இந்தப் பாதிப்பு இருபது ஆண்டுகளேனும் தொடர்ந்தது. ஒருவருக்கு ஏற்கெனவே உள்ள இதயநோய் அபாயத்தின் மேல் ஏறும் கூடுதல் இது. எனவே ரத்தக்கொதிப்பு, சர்க்கரை, புகைப்பழக்கம் உள்ளவர்களே அதிகம் கவனிக்க வேண்டும்.

பிரிட்டனில் மார்பகக் கதிர்வீச்சுக்குப் பின் தோளிலிருந்து கைக்குப் போகும் நரம்புப் பின்னல் சேதமடைந்து, வலியோடும் செயலிழந்த கையோடும் வாழ்ந்த பெண்கள் 1991இல் 'ரேஜ்' என்ற குழுவாகத் திரண்டார்கள். அதன்பின் நடந்த மருத்துவ மீளாய்வு, மார்பகத்துக்கு ஒரு கிடக்கை, அக்குளுக்கு வேறொன்று என நோயாளியை இடையில் நகர்த்திய முறையைச் சந்தேகித்தது.

இன்று நிலைமை மேம்பட்டிருக்கிறது. சி.டி. ஸ்கேன் பார்த்தே கதிர்ப்பாதையைத் திட்டமிடுகிறார்கள். இடது மார்பகமென்றால், கைகளைத் தலைக்கு மேல் தூக்கிப் படுத்திருக்கும் பெண்ணை மூச்சை ஆழமாக இழுத்துப் பிடிக்கச் சொல்கிறார்கள். நுரையீரல் விரிந்து, இதயம் மார்புச்சுவரிலிருந்து விலகுகிறது. அந்தச் சில நொடிகளில் மட்டும் கதிர் பாய்கிறது.

ஆனால் பதினைந்து ஆண்டுகள் கழித்து நெஞ்சுவலி என்று அதே பெண் போய் நிற்பது வேறு ஊரில், வேறு மருத்துவரிடமாக இருக்கலாம். பழைய ஃபைல் அவர் முன் இருக்காது.

ஆகவே அமைப்பு கோருவது:

1. சிகிச்சைக்கு முன்பே, தாமதமாக வரும் பின்விளைவுகளை நோயாளிக்குப் புரியும் மொழியில் விளக்க வேண்டும்.

2. இடது மார்பகச் சிகிச்சையில், மூச்சைப் பிடிக்கும் முறைக்கு வசதியுள்ள இடங்களில் அதற்குத் தகுதியான அனைவருக்கும் அதை வழங்க வேண்டும்.

3. புகைப்பவர்களுக்கு அப்பழக்கத்தைக் கைவிட உதவி செய்ய வேண்டும்; புகையும் கதிர்வீச்சும் சேர்ந்தால் நுரையீரல் புற்று அபாயம் கூடும்.

4. டிஸ்சார்ஜ் சம்மரியோடு மேற்சொன்ன தாளையும் இணைக்க வேண்டும். அந்த எண்கள் திட்டமிடும் கணினியில் ஏற்கெனவே இருப்பதால், இதற்குப் புதிய கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை.