ஆறு மாதம் ஆகட்டும்!

அயல்நாட்டுச் சர்வகலாசாலையில் படிக்கப் பிள்ளை கிளம்பும்போது, விமான நிலையத்தில் கண்ணைத் துடைத்துக்கொள்பவள் அம்மாதான். பிள்ளைக்கோ புது ஊரைப் பார்க்கும் குதூகலம்! முதல் சில வாரம் டெலிபோனில் எல்லாம் 'ஆஹா, ஓஹோ'தான். "காலூன்றிவிட்டான்" என்று நாமும் நிம்மதி அடைகிறோம். கொஞ்சம் பொறுங்கள், அம்மா!

ஸ்வெர்ரெ லிஸ்கார்ட் என்ற நார்வே நாட்டுச் சமூகவியல் அறிஞர், 1955-ல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார். ஃபுல்பிரைட் உபகாரச் சம்பளம் பெற்று அமெரிக்கா போய்த் திரும்பிய 200 நார்வேக்காரர்களை விசாரித்துச் செய்தது. எல்லாரும் பொறுக்கி எடுத்த கெட்டிக்காரர்கள்! 6 மாதத்துக்குள் திரும்பியவர்களுக்கு அதிகக் குறை இல்லை. 18 மாதத்துக்கு மேல் தங்கியவர்களும் அங்கே ஒன்றிவிட்டார்கள். இடைப்பட்ட காலம் தங்கியவர்கள்தான் தவித்திருக்கிறார்கள்.

ஏன் தெரியுமா? ஆரம்பத்தில் எதிர்ப்படுகிறவரின் புன்னகையே போதுமாயிருக்கிறது. நாளாக ஆக, மனம் விட்டுப் பேச ஒரு சிநேகிதம் வேண்டியிருக்கிறது. அதுவோ லேசில் கிடைப்பதில்லை.

இதை மறுப்பவர்களும் உண்டு. நியூஸிலாந்துக்குப் படிக்கப் போன ஜப்பானிய மாணவர்களைப் பற்றி 1998-ல் வெளியான ஆராய்ச்சியோ, போய் இறங்கிய புதிதில்தான் வேதனை அதிகம் என்றது. ஆகவே காலண்டரை மட்டும் நம்பிப் பயனில்லை.

கேள்வியை மாற்றிப் பாருங்களேன்! "மார்க்கு எவ்வளவு?" என்பதற்குப் பதிலாக, "இன்று யாரோடு சாப்பிட்டாய்?" என்று கேளுங்கள். "தனியாகத்தான்" என்றே வாராவாரம் பதில் வந்தால், மார்க்குப் பேச்சை அந்த மாதம் எடுக்காதீர்கள்.