ரீசேல் வேல்யூ என்னும் பூச்சாண்டி

அபிராமபுரத்தில் யாரும் மோட்டார் படகு வாங்கப் போவதில்லை. இத்தனைக்கும் சென்னைத் துறைமுகத்துக்குள்ளேயே 1911ல் ஆரம்பித்த ராயல் மெட்ராஸ் யாட் கிளப் இருக்கிறது. அங்கேயும் பாய்மரம்தான் பிரதானம். மேல்நாட்டில் படகு வாங்குகிறவர்களுக்கு ஒரு தீராத சண்டை உண்டு. மனசுக்குப் பிடித்ததை வாங்குவதா, நாளைக்கு விற்றால் நல்ல விலைக்குப் போவதை வாங்குவதா? படகுக்காரனுக்கு சந்தோஷமான நாள் இரண்டுதான், வாங்கிய நாளும் விற்ற நாளும் என்று அவர்களிடம் ஒரு பழைய ஜோக் கூட உண்டு. நம்மூரில் அதே சண்டை காரை வைத்து நடக்கிறது. சண்டை என்று சொல்வதுகூடத் தப்பு, ஒரு பக்கம் மட்டும்தானே பேசுகிறது!

செயின்ட் மேரிஸ் ரோடு பக்கம் ஏதாவது ஒரு அபார்ட்மெண்டை எடுத்துக்கொள்ளுங்கள். பையனுக்கு வேலை கிடைத்து இரண்டு வருஷம் ஆகிறது. ஒரு வண்டியைப் பார்த்து ஆசைப்பட்டுவிட்டான். ஓட்டியும் பார்த்துவிட்டான். மூன்றாவது மாடி மாமா கார் பார்க்கிங்கில் நின்றுகொண்டு ஒரே வரி சொல்கிறார். "நல்ல வண்டிதாம்பா, ஆனா ரீசேல் இருக்காதே!" அவ்வளவுதான். அப்பாவின் முகம் மாறிவிடுகிறது. அடுத்த மாசம் வாசலில் ஒரு வெள்ளை மாருதி நிற்கிறது. (மாருதி மேல் கோபம் ஒன்றும் இல்லை. பிடித்து வாங்கினால் பேச்சே கிடையாது.)

சரி, கணக்கே போடுவோம். பத்து லட்சத்துக்கு ஒரு வண்டி. நம்மூர்க் குடும்பம் அதைப் பத்து வருஷம் வைத்துக்கொள்ளும். மாமா சொன்ன வண்டி, பையன் ஆசைப்பட்ட வண்டியைவிட ஒரு லட்சம் அதிகமாக விலை போகிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். வருஷத்துக்கு 10,000 ரூபாய். நாளைக்கு 27 ரூபாய். மயிலாப்பூரில் உட்கார்ந்து ஒரு டிகிரி காபி குடிக்கக்கூடப் போதாது. இந்த 27 ரூபாய்க்காகப் பத்து வருஷம் பிடிக்காத வண்டியில் போக வேண்டும்! மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வண்டி மாற்றுகிறவர் ரீசேல் பார்க்கட்டும், டாக்ஸி ஓட்டுகிறவர் கட்டாயம் பார்க்கட்டும். அவர்களுக்கு அது பிழைப்பு. பத்து வருஷம் ஓட்டுகிறவருக்கு என்ன வந்தது?

இதே குடும்பம் பாண்டி பஜாரில் நகை வாங்கும்போது கவனித்திருக்கிறீர்களா? செய்கூலி, சேதாரம் என்று பவுனுக்கு மேலே கொட்டிக் கொடுக்கிறோம். விற்கப் போனால் அதில் ஒரு பைசா திரும்பாது என்று எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் "டிசைன் அழகா இருக்கே" என்று வாங்குகிறோம். கழுத்தில் போடுவதற்கு அழகு வேண்டும், தினமும் இரண்டு மணி நேரம் உட்காருவதற்கு வேண்டாமா?

இதெல்லாம் ரசனை சமாச்சாரம் என்றால் போகட்டும் என்று விட்டுவிடலாம். விட முடியாத இடம் ஒன்று இருக்கிறது. "டாப் மாடல் வாங்காதே, எக்ஸ்ட்ராவா குடுத்த காசு விக்கும்போது வராது." இந்த அறிவுரையைக் கேட்காத வீடே இருக்காது. பல வருஷங்களாக அந்த டாப் மாடலில் இருந்த எக்ஸ்ட்ரா என்ன தெரியுமா? ஏர்பேக்! 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் அமைப்பு இந்தியாவில் அமோகமாக விற்ற சில சின்னக் கார்களை மோதிப் பார்த்தது. ஏர்பேக் இல்லாத அடிப்படை மாடல்கள், முன்சீட்டுப் பெரியவர்களுக்கான பாதுகாப்பில் ஒரு ஸ்டார்கூட வாங்கவில்லை. பூஜ்யம். டிரைவர் ஏர்பேக் எல்லாக் கார்களிலும் கட்டாயமானது 2019 ஜூலையில்தான். பக்கத்து சீட்டுக்கு 2021 கடைசி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவரை இரண்டு ஏர்பேக்கை எத்தனை அப்பாக்கள் ரீசேல் கணக்குப் போட்டுக் கழித்திருப்பார்கள்! நாளைக்கு வாங்கப் போகிற முகம் தெரியாத ஆளுக்கு ஏர்பேக்கின் மதிப்பு தெரியாது என்பதற்காக, இன்றைக்கு உட்காருகிற பெண்டாட்டி பிள்ளைக்கு அது வேண்டாம் என்று முடிவெடுப்பது எந்த ஊர் புத்திசாலித்தனம்?

இன்னொன்று. அந்தக் கணக்காவது பலிக்கிறதா? 2021 செப்டம்பர் 9ந் தேதி ஃபோர்டு நிறுவனம் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. மறைமலை நகர் தொழிற்சாலை, நம்ம ஊர் வண்டி. அதற்கு முந்தின நாள்வரை ஈகோஸ்போர்ட்டுக்கு நல்ல விலை என்று சொன்னவர்கள் மறுநாள் வாயை மூடிக்கொண்டார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் ரீசேல் உள்ள வண்டியும் இல்லாத வண்டியும் சேர்ந்தேதான் மூழ்கின. முழுசாகப் போன வண்டிக்கு இன்சூரன்ஸ்காரர் மாமா சொன்ன விலையைக் கேட்பதில்லை. அவரிடம் அட்டவணை இருக்கிறது, நாலு வருஷம் தாண்டினால் பாதி கழிந்துவிடும். 2025 செப்டம்பர் 22 முதல் சின்னக் கார்களுக்கு ஜிஎஸ்டி 28லிருந்து 18 சதவீதமாக இறங்கியது. புது வண்டியே விலை குறைந்தால் பழசு என்ன ஆகும்?

ஆசைக்கு வக்காலத்து வாங்கும்போது இதையும் சொல்லிவிட வேண்டும். 1980களில் சென்னையின் ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனம் ஸ்டாண்டர்ட் 2000 என்று ஒரு கார் கொண்டுவந்தது. வெளியே பிரிட்டிஷ் ரோவரின் அட்டகாசமான உடம்பு. உள்ளே? அந்தக் காலத்து வான்கார்டு எஞ்சின்! பளபளப்பைப் பார்த்து மயங்கியவர்கள் ஏமாந்தார்கள், சில வருஷத்தில் கடையே மூடிற்று. அதனால் ஆசைப்படுகிறவர் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு ஆசைப்பட வேண்டும். ஓட்டிப் பார்க்கட்டும், மோதல் சோதனையில் எத்தனை ஸ்டார் என்று பார்க்கட்டும் (2023 அக்டோபரிலிருந்து பாரத் என்கேப் என்று நமக்கே ஒன்று இருக்கிறது), ஸ்பேர் பார்ட்ஸ் கிடைக்குமா என்று விசாரிக்கட்டும். எல்லாம் அவர் ஓட்டப் போகிற வருஷங்களைப் பற்றிய கேள்விகள்.

ஆனால் இங்கே நடப்பது வேறு. ஷோரூமிலிருந்து வந்த பிளாஸ்டிக் கவரைக்கூட சீட்டிலிருந்து கழற்றாமல் வைத்திருக்கிற வண்டிகள் இந்தத் தெருக்களில் இன்னும் ஓடுகின்றன. மே மாசம் மதியம் இரண்டு மணிக்கு அதில் ஏறி உட்கார்ந்தால் முதுகில் சட்டை ஒட்டிக்கொள்கிறது. கழற்றலாமே என்று கேட்டால் பதில் வருகிறது. "இருக்கட்டும், விக்கும்போது புதுசா இருக்கும்ல?"