யார் ஏற்றிய சுமை?

வாசல் மணி ஒலிக்கிறது. கதவைத் திறந்தால், முதுகில் பெரும் பையும் கையில் பார்சலுமாக ஒரு பெண் நிற்கிறாள். பொருளைத் தந்துவிட்டு அடுத்த வீட்டை நோக்கி விரைகிறாள். அவள் படியிறங்கு முன்னரே நம் வீட்டுக் கூடத்தில் தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது: “பெண்ணுக்கு ஏன் இந்த வேலை?”

இரக்கத்தில் பிறந்தது போலத் தோன்றும் இக்கேள்வியைச் சற்றே உரைத்துப் பார்ப்போம். கட்டடம் எழும் இடமெல்லாம் செங்கல்லையும் கலவையையும் தலையில் சுமப்பவள் சித்தாள். தூத்துக்குடி உப்பளங்களில் கொளுத்தும் வெயிலில் உப்புச் சுமப்பவளும் பெண். மீன்கூடையைத் தலையிலேற்றித் தெருத்தெருவாய் நடப்பவளும் பெண். நம் வீட்டு மாடி எழுந்தபோது கல் சுமந்தவளைப் பார்த்து நம்மில் எத்தனை பேர் இப்படிக் கேட்டோம்? சுமை அன்று நம் கண்ணை உறுத்தவில்லை. இன்று அவள் வண்டியேறித் தனியே வந்து சம்பாதிக்கும்போதுதான் உறுத்துகிறது. இதற்கு இரக்கம் என்று பெயரிடுவது நியாயமாகுமா?

இன்னொரு சாராரும் உளர். “சமத்துவம் கேட்டாயல்லவா? ஆணுக்குள்ள எடையே உனக்கும். முடிந்தால் தூக்கு, முடியாவிட்டால் வீட்டில் இரு” என்பர் இவர்கள். எடை விதி என்பது இயற்கை வகுத்த நியதி என்ற எண்ணம் இவர்களுக்கு. அது முதலாளி வகுத்த விதி. வேண்டியபோது வளையும், வேண்டாதபோது விறைக்கும். இதற்கு அமெரிக்க நீதிமன்ற ஏடுகளிலேயே சான்று இருக்கிறது.

மேரிலாந்து மாநிலத்தில், யுனைடெட் பார்சல் சர்வீஸ் என்னும் நிறுவனத்தில் ஓட்டுநராயிருந்தவர் பெக்கி யங் என்னும் மாது. 2006இல் அவர் கருவுற்றார். முதல் 20 வாரங்களுக்கு 20 பவுண்டுக்கு மேல், அதாவது சுமார் 9 கிலோவுக்கு மேல், தூக்கலாகாது என்றனர் மருத்துவர்கள். ஓட்டுநர் 70 பவுண்டு, ஏறத்தாழ 32 கிலோ, தூக்கவேண்டும் என்பது நிறுவனத்தின் விதி. கனமான பொதிகளைத் தூக்கித்தரச் சக ஊழியர்கள் முன்வந்தனர் என்றார் அவர். நிறுவனம் இசையவில்லை. ஊதியமின்றி வீட்டில் இருந்தார். மருத்துவக் காப்பீட்டையும் இழந்தார்.

விதி எல்லோருக்கும் ஒன்றாயிருந்திருந்தால் வாதம் அத்துடன் முடிந்திருக்கும். ஆனால் பணியில் காயமுற்றவருக்கு வேறு வேலை கொடுத்தார்கள். உடற்குறை உடையோருக்குக் கொடுத்தார்கள். ஓட்டுநர் தகுதியை இழந்தவருக்கும் கொடுத்தார்கள். உரிமம் பறிபோனவனுக்கு வளைந்த விதி, கருவைச் சுமந்தவளுக்கு மட்டும் வளைய மறுத்தது! வேலை செய்யும் ஆற்றலில் ஒத்திருக்கும் பிறரைப் போலவே கருவுற்ற பெண்ணையும் நடத்தவேண்டும் என்று அந்நாட்டில் 1978ஆம் ஆண்டிலேயே சட்டம் இருந்தும் இந்த நிலை.

2015 மார்ச் 25 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம், கீழ்நீதிமன்றம் நிறுவனத்துக்குச் சார்பாக அளித்த தீர்ப்பை ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் ஒதுக்கித் தள்ளியது. இத்தனை பேருக்கு இடங்கொடுக்க முடிந்த நிறுவனத்தால் கருவுற்ற பெண்களுக்கு ஏன் முடியவில்லை என்பதே நீதிபதிகள் எழுப்பிய வினா. அத்தீர்ப்பு வருமுன்னரே, அவ்வாண்டு ஜனவரி முதல் நிறுவனம் தன் விதியை மாற்றிக்கொண்டது. அதனால் வானம் இடிந்து விழுந்ததா? பார்சல்கள் இன்றும் போய்ச் சேர்ந்துகொண்டுதான் இருக்கின்றன.

இனி நம் வாசலுக்குத் திரும்புவோம். இந்தியாவில் மகப்பேற்று விடுப்பு 2017இல் 26 வாரமாக உயர்ந்தது. ஆனால் அது ‘பணியாளர்’ என்று ஏற்கப்பட்டவளுக்கே உரியது. செயலி வழியே பொருள் கொண்டுவரும் பெண்ணை நிறுவனங்கள் பணியாளர் என்பதில்லை, ‘பார்ட்னர்’ என்கின்றன. இலாபத்தில் பங்கில்லாத பங்காளி! 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு இத்தகைய தொழிலாளரைப் பெயர்சொல்லி ஏற்றிருக்கிறது. நிறுவனங்கள் ஆண்டு வருவாயில் 1 முதல் 2 விழுக்காடு வரை அவர்களுக்கான நிதிக்குச் செலுத்தவேண்டும் என்றும் கூறுகிறது. வரவேற்போம். ஆயினும் ஊதியத்துடன் கூடிய அந்த 26 வாரம் இன்னும் அவளுக்கு உரிமையாகவில்லை. கருவுற்றால் செயலியை அணைத்துவிட்டு வீட்டில் இருக்கலாம். அடுப்பும் சேர்ந்தே அணையும்.

அன்பர்களே, “பெண்ணுக்கு ஏன் இந்த வேலை?” என்று கேட்பதால் அவள் பையின் எடை ஒரு கிராமும் குறையாது. அந்த வருவாயை நம்பி அவள் வீட்டில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதை நாம் அறியோம். “இந்த வேலைக்கு ஏன் இந்த விதி?” என்று கேட்போம். எடைக்கு ஒரு வரம்பு, இளைப்பாற ஓரிடம், கருவுற்ற நாளில் இலகுவான பணி, பெற்ற நாளில் ஊதியம் ஆகிய நான்கையும் உரிமையாகக் கேட்போம். கேட்கும் குரலில் அவளுக்குப் பொருள் அனுப்பப் பணிப்பவரின் வாடிக்கையாளராகிய நம் குரலும் சேரட்டும். அதுவரை, மூன்றாம் மாடியில் நின்று “மேலே கொண்டு வா” என்று கூவுமுன், நாமே நான்கு படி இறங்கிச் செல்வதற்கு எந்தச் சட்டமும் தேவையில்லை.