'வேர்டு' என்றால் எத்தனை பிட்?

"இது ஒரு வேர்டுதான், விடுங்க" என்கிறார் டீமில் ஒருவர். இன்னொருவர் தலையாட்டுகிறார். ரெண்டு பேர் மனசிலும் இருப்பது ஒரே அளவுதானா?

பிராசஸர் இயல்பாக ஒரே நேரத்தில் கையாளும் தரவின் அளவுதான் வேர்டு. புத்தக விளக்கம் அவ்வளவுதான். 1978-ல் வந்த இன்டெல் 8086-ல் வேர்டு என்றால் 16 பிட். 1985-ல் 32 பிட் 80386 வந்தபோதும் அந்தப் பெயர் மாறவில்லை. 32-க்கு 'டபுள் வேர்டு' என்று ஒட்டுப்போட்டார்கள். விண்டோஸில் 'டிவேர்டு' இன்றும் 32 பிட்தான். ஆனால், பெரும்பாலான போன்களில் இருக்கும் ஆர்ம் சிப்புக்கு 32 பிட்தான் வேர்டு. 16 பிட் என்பது அங்கே 'ஹாஃப்வேர்டு'. சி மொழியின் 'லாங்' இன்னும் குழப்பம்: 64 பிட் விண்டோஸில் அது 32 பிட், 64 பிட் லினக்ஸில் 64.

"நல்லா ஓடுற நிரலை எதுக்குத் திரும்ப எழுதணும்?" நியாயமான கேள்வி. புதிதாக எழுதினால் புதிய பிழைகள் வரும். ஆனால், பழைய நிரலை எடுக்கும்போது, அதை எழுதியவர் மனதில் வைத்திருந்த அளவுகளும் சேர்ந்தே வருகின்றன.

1996 ஜூன் 4. பிரெஞ்சு கயானாவிலிருந்து கிளம்பிய ஏரியன் 5 ராக்கெட் சுமார் 40 நொடிகளில் சிதறியது. அதன் வழிகாட்டும் கருவியில் இருந்தது ஏரியன் 4-க்கு எழுதிய நிரல். 64 பிட் தசம எண் ஒன்றை அது 16 பிட் முழு எண்ணாக மாற்ற முயன்றது. அதில் அடங்கும் உச்ச மதிப்பு 32,767. பழைய ராக்கெட்டுக்கு அது போதும். கிடைமட்ட வேகம் அதிகமான புதியதற்குப் போதவில்லை. மாற்றுக் கணினியிலும் அதே நிரல், அதே கதி. கொடுமை என்னவென்றால், கிளம்பிய பிறகு ஏரியன் 5-க்கு அந்தக் கணக்கே தேவையில்லை.

சி99 தரம் 'இன்ட்32_டி' போல எண்ணையே பெயரில் வைக்கும் வசதியைத் தந்தது. பார்க்க அழகில்லை, ஆனாலும் பலர் பயன்படுத்தும் நிரலில் 'வேர்டு', 'லாங்' எல்லாம் இனி வேண்டாம். அதுவும் பாதி மருந்துதான். ஏரியனில் 16 பிட் என்று எல்லோருக்கும் தெரியும். ஆபத்தான ஏழு மாறிகளில் நான்குக்கு மட்டுமே பாதுகாப்பு வைத்திருந்தார்கள். மீதி மூன்றை ஏன் விட்டார்கள் என்ற காரணம், நிரலுக்குள் நேரடியாக எங்கும் எழுதப்படவில்லை என்கிறது விசாரணைக் குழு அறிக்கை.